வெள்ளைச் சட்டை செய்த குற்றம்

1950ஆம் ஆண்டு ஜூலை 16, ஞாயிற்றுக்கிழமை. ரியோ டி ஜெனிரோ நகரில் விடிந்ததுமே கொண்டாட்டம் தொடங்கிவிட்டது. 'ஓ முண்டோ' நாளிதழ் பிரேசில் கால்பந்து அணியின் படத்தைப் போட்டு, இவர்கள்தான் உலக சாம்பியன்கள் என்று அச்சடித்துக் கடைகளுக்கு அனுப்பியிருந்தது. வீரர்களுக்குத் தர வேண்டிய தங்கப் பதக்கங்கள் தயாராகிவிட்டன. நகர மேயர் மைக்கைப் பிடித்து, இன்னும் சில மணி நேரத்தில் உலகை வெல்லப்போகிறவர்களுக்கு முன்கூட்டியே வாழ்த்துச் சொல்லி முடித்தார். ஒரே ஒரு வேலைதான் பாக்கி இருந்தது. ஆட்டத்தை ஆட வேண்டும்.

அந்த நம்பிக்கை காரணமில்லாமல் வந்ததல்ல. அந்த உலகக் கோப்பையில் இறுதிப் போட்டி என்று தனியாக ஒன்று கிடையாது. நான்கு அணிகள் ஒன்றோடொன்று மோதி, அதிகப் புள்ளி எடுக்கும் அணிக்குக் கோப்பை. பிரேசில் சுவீடனை 7-1 என்றும் ஸ்பெயினை 6-1 என்றும் துவைத்து எடுத்திருந்தது. எதிரே நின்ற உருகுவே ஸ்பெயினோடு டிரா செய்து, சுவீடனைத் தட்டுத்தடுமாறி வென்று வந்த அணி. பிரேசிலில் அப்போது 5 கோடி மக்கள்; உருகுவேயில் 25 லட்சம்கூட இல்லை. கடைசி ஆட்டத்தை டிரா செய்தாலே பிரேசிலுக்குக் கோப்பை. இரண்டே ஆண்டுகளில் கட்டி எழுப்பிய மரகானா மைதானத்தில் டிக்கெட் வாங்கி உள்ளே போனவர்கள் மட்டும் 1,73,850 பேர். மொத்தக் கூட்டம் 2 லட்சத்தைத் தொட்டிருக்கும் என்பார்கள். உலகக் கால்பந்து சம்மேளனத் தலைவர் ஜூல் ரிமே, பிரேசிலைப் பாராட்டிப் போர்த்துகீசிய மொழியில் எழுதிய உரையைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அந்த உரையை அவர் கடைசிவரை வெளியே எடுக்கவே இல்லை.

பிரேசில் வீரர்கள் வெள்ளைச் சட்டையில், நீலக் காலரோடு இறங்கினார்கள். 1914இல் பிரேசில் என்ற பெயரில் ஓர் அணி முதன்முதலாக ஆடிய நாளிலிருந்தே பெரும்பாலும் வெள்ளைதான் அவர்களுடைய உடை. 36 ஆண்டுகளில் அந்தச் சட்டையைப் பற்றி யாரும் புகழ்ந்தும் பேசியதில்லை, குறை சொல்லியும் பேசியதில்லை. அன்று மாலை ஐந்து மணிக்குள் அதன் தலையெழுத்து மாறிப்போனது.

இடைவேளை முடிந்து இரண்டாவது நிமிடத்தில் ஃபிரியாசா கோல் போட்டதும் மைதானம் அதிர்ந்தது. உருகுவே கேப்டன் ஒப்துலியோ வரேலா மட்டும் பந்தைக் கையில் எடுத்துக்கொண்டு நிதானமாக நடுவரிடம் போய், வேண்டுமென்றே வாதம் செய்தார். கூட்டத்தின் சூடு தணியட்டும் என்று நேரத்தைக் கடத்தினார். அந்தத் தந்திரம் பலித்தது. 66ஆவது நிமிடத்தில் வலது ஓரத்திலிருந்து கிஜியா அனுப்பிய பந்தை ஸ்கியாஃபினோ வலைக்குள் தள்ள, ஆட்டம் 1-1 ஆனது. அப்போதும் பிரேசிலுக்குக் கவலையில்லை. டிரா போதும். ரிமே பரிசளிப்புக்காக இருக்கையை விட்டு எழுந்து, மைதானத்துக்குப் போகும் படிகளில் இறங்கத் தொடங்கினார்.

79ஆவது நிமிடம். கிஜியா மறுபடியும் அதே வலது ஓரத்தில் பாய்ந்து வந்தார். முன்பு போலவே நடுவில் நிற்பவருக்குத்தான் பந்தை அனுப்புவார் என்று கணித்த கோல்கீப்பர் மொவாசிர் பார்போசா, கம்பத்தை விட்டு ஓரடி விலகினார். அந்த ஓரடி இடைவெளிக்குள் பந்தை அடித்தார் கிஜியா. ரிமே மைதானத்துக்குள் கால் வைத்தபோது அணிவகுப்பு மரியாதையும் இல்லை, பாராட்டு மேடையும் இல்லை. கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியாமல் சுற்றிப் பார்த்தவர், வரேலாவைத் தேடிப் பிடித்து, ஒரு வார்த்தை பேசாமல் அவர் கையில் திணித்துவிட்டு நகர்ந்தார். இரண்டு லட்சம் பேர் இருந்த இடத்தில் சத்தமே இல்லை. ஆனால் வேறு இரண்டு ஊர்களில், இரண்டு சிறுவர்கள் அந்தச் செய்தியைக் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

ஒருவன் சாவ் பாவ்லோ மாநிலத்தின் பவுரு நகரில் இருந்தான். வயது 9. ரேடியோ முன்னால் தன் அப்பா தேம்பி அழுவதைப் பார்த்து, அழாதீர்கள், அந்தக் கோப்பையை நான் வாங்கித் தருகிறேன் என்று சமாதானம் சொன்னான். ஒன்பது வயதுப் பிள்ளையின் வாக்கை அன்று யார் பெரிதாக எடுத்துக்கொண்டிருப்பார்கள்?

இன்னொருவன் ரியோவிலிருந்து தெற்கே ஆயிரம் கிலோமீட்டருக்கும் அப்பால், பிரேசிலின் கடைசி எல்லையில் இருக்கும் ஜகுவராவ் என்ற சின்ன ஊரைச் சேர்ந்தவன். வயது 15. ஊரை ஒட்டி ஓர் ஆறு. ஆற்றின் மேல் ஒரு பாலம். பாலத்தைக் கடந்தால் உருகுவே நாட்டின் ரியோ பிராங்கோ. இந்தப் பக்கம் போர்த்துகீசியம், அந்தப் பக்கம் ஸ்பானிஷ். எல்லை மக்களுக்கோ இரண்டும் வீட்டுமொழி மாதிரிதான். அன்று மாலை அவன் பாலத்தைத் தாண்டிப் போய் உருகுவே தியேட்டரில் படம் பார்த்துக்கொண்டிருந்தான். திடீரெனப் படம் நின்றது, விளக்குகள் எரிந்தன, உருகுவே உலக சாம்பியன் ஆகிவிட்டது என்று அறிவிப்பு வந்தது. தியேட்டரே எழுந்து நின்று உருகுவேயின் தேசிய கீதத்தைப் பாடியது. அந்தப் பிரேசில் சிறுவனுக்கு ஏமாற்றம் இல்லை. அவன் மனசு சின்ன வயதிலிருந்தே உருகுவே அணியின் பக்கம்தான். தன் நாட்டின் தோல்வியில் உள்ளூர மகிழ்ந்த அந்தப் பையனிடமே பிரேசில் ஒருநாள் கடன்படப்போகிறது என்று அந்தத் தியேட்டரில் யாருக்கும் தெரியாது.

ரியோவில் குற்றவாளியைத் தேடும் படலம் ஆரம்பித்தது. முதலில் சிக்கியவர் பார்போசா. அடுத்து தற்காப்பு வீரர்கள் பிகோடி, ஜுவெனால். மூவரும் கறுப்பினத்தவர்கள் என்பது தற்செயல் அல்ல. பழி பார்போசாவை 2000ஆம் ஆண்டு அவர் கண்ணை மூடும் வரை விடவில்லை. பிரேசில் சட்டப்படி அதிகபட்சத் தண்டனையே 30 ஆண்டுதான், நானோ 50 ஆண்டாக அனுபவிக்கிறேன் என்று கடைசிக் காலத்தில் சொல்லி வருந்தினார். தேசிய அணியோ 1952 ஏப்ரல் வரை ஓர் ஆட்டம்கூட ஆடவில்லை. மரகானா பக்கம் தலைவைத்துப் படுக்கவும் இல்லை. 1953இல் தென் அமெரிக்க சாம்பியன்ஷிப்பிலும் கடைசி ஆட்டத்தில் பராகுவேயிடம் தோற்றது. மனிதர்களைத் திட்டித் தீர்த்தும் ஆத்திரம் அடங்காத நாடு, வாய் பேச முடியாத ஒரு குற்றவாளியைக் கண்டுபிடித்தது.

அதுதான் அந்த வெள்ளைச் சட்டை. நாட்டின் கொடியில் பளிச்சென்று தெரியும் இரண்டு நிறங்களில் ஒரு நூல்கூட அதில் இல்லை. அதை அணிபவனுக்கு நாட்டுக்காக ஆடுகிறோம் என்ற உணர்வே வராது என்று குற்றச்சாட்டு எழுந்தது. ரியோவின் செல்வாக்கான நாளிதழான 'கொரெயோ ட மன்யா' 1953இல் விளையாட்டுச் சம்மேளனத்தின் சம்மதத்தோடு ஒரு போட்டியை அறிவித்தது. அணிக்குப் புதிய உடை வரைந்து அனுப்பலாம். வென்ற உடையை 1954இல் சுவிட்சர்லாந்தில் நடக்கும் உலகக் கோப்பையில் அணி அணிந்து ஆடும். நிபந்தனை ஒன்றே ஒன்று. கேட்க எளிதாக இருந்த அந்த நிபந்தனைதான் ஓவியர்களின் தூக்கத்தைக் கெடுத்தது.

கொடியில் உள்ள நான்கு நிறங்களும் உடையில் இருக்க வேண்டும். பச்சை, மஞ்சள், நீலம், வெள்ளை. இந்த நான்கும் அழகுக்காகச் சேர்க்கப்பட்டவை அல்ல. பச்சை, பேரரசர் முதலாம் பெட்ரோவின் பிரகான்சா வம்சத்து நிறம். மஞ்சள், அவர் மணந்த ஆஸ்திரிய இளவரசி லியோபோல்டினாவின் ஹாப்ஸ்பர்க் குடும்பத்து நிறம். பச்சை காடுகளையும் மஞ்சள் தங்கத்தையும் குறிக்கும் என்ற விளக்கம் மக்கள் வழக்கில் வந்தது. நீலம், குடியரசு பிறந்த 1889 நவம்பர் 15 அன்று காலை ரியோவின் மேலிருந்த வானம்; வெள்ளை, அதில் மின்னும் விண்மீன்களும் குறுக்கே ஓடும் பட்டையும். ஒரு கல்யாணத்துக்கும் ஒரு புரட்சிக்குமாகச் சேர்ந்த நிறங்களை ஒரே சட்டையில் அடக்குவது எப்படி?

பெலோட்டஸ் நகரில் 19 வயது இளைஞர் ஒருவர் மேசையில் குனிந்து இதோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். பத்திரிகைகளுக்குப் படம் வரைவது அவர் பிழைப்பு. குறுக்கே ஒரு பட்டை போட்டுப் பார்த்தார். மார்பில் பெருக்கல் குறி மாதிரி வரைந்தார். கோடு கோடாகப் போட்டார். கழுத்தில் முக்கோணம் வைத்தார். மூன்று நிறம் வரை தாளில் ஒத்துப்போகும். நான்காவது வந்ததும் எல்லாம் குலைந்துவிடும். நூற்றுக்கும் மேற்பட்ட படங்கள் இப்படியே வீணாயின. பிறகுதான் அவருக்கு ஒன்று புலப்பட்டது: நான்கும் உடையில் இருக்க வேண்டும் என்றுதானே நிபந்தனை, சட்டையில் இருக்க வேண்டும் என்று யார் சொன்னார்கள்?

நிறங்களைப் பங்கு பிரித்தார். நீலமும் வெள்ளையும் கீழே இறங்கட்டும். நீல டிரவுசர், அதன் ஓரத்தில் வெள்ளைக் கோடு, காலில் வெள்ளை சாக்ஸ். மேலே ஒரே நிறம். பச்சைக்குக் காலரும் கையின் ஓரமும் போதும். சட்டை முழுவதும் மஞ்சள். உலகில் எந்த மூலையில் பந்து உருண்டாலும் இன்று கண்ணில் படும் அந்தப் பிரேசில் மஞ்சள் ஜெர்சி, பெலோட்டஸில் ஒரு மேசையின் மேல் இப்படித்தான் பிறந்தது. அல்டிர் கார்சியா ஷ்லே என்று கையெழுத்துப் போட்டு அதை அனுப்பி வைத்தார். நூற்றுக்கணக்கான படங்களிலிருந்து நடுவர்கள் அதைத்தான் எடுத்தார்கள். தேசபக்தி ததும்ப வேண்டும் என்று தேடித் தேடி எடுத்த அந்த உடையை வரைந்தவர், உருகுவே தியேட்டரில் தேசிய கீதம் கேட்டு மகிழ்ந்த அதே ஜகுவராவ் பையன் என்பதுதான் நடுவர்கள் அறியாத சேதி.

ரொக்கப் பரிசோடு ரியோவில் அந்தப் பத்திரிகையிலேயே பயிற்சி வேலையும் ஷ்லேக்குக் கிடைத்தது. தேசிய வீரர்களைப் பக்கத்தில் இருந்து பார்த்தார். மைதானத்துக்கு வெளியே அவர்கள் நடந்துகொண்ட விதம் அவருக்குப் பிடிக்கவில்லை, தெற்கே திரும்பிவிட்டார். சட்டை மட்டும் ரியோவில் தங்கிவிட்டது. 1954 மார்ச்சில், அந்தத் துயரத்துக்குப் பிறகு முதன்முறையாக பிரேசில் மரகானாவில் கால் வைத்தபோது உடலில் மஞ்சள் இருந்தது. எதிரே சிலே. பல்தசார் ஒரே ஒரு கோல் போட்டார், 1-0. புதுச் சட்டைக்கு ராசி இருக்கிறது என்று மூச்சு விட்டார்கள். அந்த நிம்மதிக்கு ஆயுள் மூன்றே மாதம்.

ஜூன் 27, சுவிட்சர்லாந்தின் பெர்ன் நகரம். கால் இறுதியில் ஹங்கேரி. மழையில் தொடங்கிய ஆட்டம் அடிதடியாக மாறியது. மூன்று பேர் வெளியேற்றப்பட்டார்கள்; விசில் ஊதிய பிறகும் உடை மாற்றும் அறை வரை சண்டை தொடர்ந்தது. பிரேசில் 4-2 என்று தோற்றது. வெள்ளையாவது கோப்பையை நெருங்கித் தவறவிட்டது. மஞ்சள் அந்தப் பக்கம்கூடப் போகவில்லை. அடுத்த வாய்ப்பு 1958இல் சுவீடனில் வந்தது. அங்கே காத்திருந்ததோ யாரும் எதிர்பாராத வேறு சிக்கல்.

இந்த முறை பிரேசில் இறுதிப் போட்டிக்குப் போய்விட்டது. எதிரணி, போட்டியை நடத்திய சுவீடன். சுவீடனின் உடையும் மஞ்சள்! குலுக்கலில் சுவீடனுக்குச் சாதகமாக விழ, பிரேசில்தான் மாற்று உடை அணிய வேண்டும் என்றானது. கையில் மாற்று உடை இல்லை. வெள்ளையில் ஆடலாம் என்ற பேச்சு எழுந்ததுமே வீரர்கள் முகம் வெளுத்தது. கடைசியில் ஸ்டாக்ஹோம் கடையில் போய் நீலச் சட்டைகளை வாங்கி வந்தார்கள். மஞ்சள் சட்டைகளிலிருந்து எண்களையும் சின்னத்தையும் பிரித்தெடுத்து, அவசர அவசரமாக நீலத்தில் வைத்துத் தைத்தார்கள். தையல் முடிந்தது, வீரர்களின் பயம் முடியவில்லை.

அணிக்குத் தலைமை ஏற்று வந்த பவுலோ மச்சாடோ டி கர்வால்யோ விவரமான ஆள். பிரேசிலின் காவல் தெய்வமான அபரெசிடா மாதாவின் போர்வை என்ன நிறம், நீலம்தானே, அவளே நம்மைப் போர்த்தி அனுப்புகிறாள் என்று வீரர்களிடம் சொன்னார். தெம்பு வந்தது. ஆனால் ஆட்டம் தொடங்கிய நான்காவது நிமிடத்திலேயே சுவீடன் கோல் போட்டுவிட்டது. 1950 மறுபடியும் வந்துவிட்டதோ என்று ரேடியோ முன்னால் பிரேசில் உறைந்துபோன நேரத்தில், நீலச் சட்டைகள் விழித்துக்கொண்டன.

வவா இரண்டு, சகாலோ ஒன்று, 17 வயதுப் பையன் ஒருவன் இரண்டு. 5-2 என்று வென்று பிரேசில் முதன்முறையாக உலக சாம்பியன் ஆனது. ஆட்டம் முடிந்ததும் சக வீரர்கள் தோளில் சாய்ந்து அழுத அந்தப் பையன், எட்டு ஆண்டுகளுக்கு முன் பவுருவில் அப்பாவுக்கு வாக்குக் கொடுத்த பெலே. நாடே கூடித் தேர்ந்தெடுத்த மஞ்சள் சட்டைகளோ, எண்கள் பிய்க்கப்பட்டு மூட்டைக்குள் கிடந்தன. மஞ்சளுக்கு முதல் கோப்பை கிடைக்க இன்னும் நான்கு ஆண்டு ஆனது.

1962இல் சிலேயின் சாண்டியாகோவில் செக்கோஸ்லோவாகியாவை 3-1 என்று வென்று மஞ்சள் தன் கணக்கைத் தொடங்கியது. ஆனாலும் வெளியுலகம் அதைக் கறுப்பு வெள்ளைப் படங்களில் ஏதோ ஒரு வெளிறிய சட்டையாகத்தான் பார்த்தது. 1970 மெக்சிகோ உலகக் கோப்பை அதை மாற்றிவிட்டது. முதன்முறையாக உலகக் கோப்பை ஆட்டங்கள் வண்ணத்தில் ஒளிபரப்பாயின. உச்சி வெயில், பச்சைப் புல், அதன் மேல் ஓடும் மஞ்சள். இறுதிப் போட்டியில் இத்தாலியை 4-1 என்று வென்ற அந்த அணியையும் அந்த நிறத்தையும் அதற்குப் பிறகு யாராலும் பிரித்துப் பார்க்க முடியவில்லை. பிரேசிலில் முறையான வண்ண ஒளிபரப்பு வந்தது 1972இல்தான். உலகமே மஞ்சளில் மயங்கிய அந்த வெற்றியைப் பெரும்பாலான பிரேசில் மக்கள் கறுப்பு வெள்ளையில்தான் பார்த்தார்கள். அந்த வெற்றிக்கு வேறொரு நிழலும் இருந்தது.

அப்போது நாட்டை ஆண்டது ராணுவம். அதிபர் மெடிசி கோப்பையைத் தூக்கிப் பிடித்துப் படமெடுத்துக்கொண்டார். அணியின் புகழ் ஆட்சியின் புகழாக விளம்பரப்படுத்தப்பட்டது. சட்டையை உருவாக்கியவர்களோ அதே ஆட்சியில் அவதிப்பட்டார்கள். போட்டி நடத்திய 'கொரெயோ ட மன்யா', ஆட்சியின் நெருக்கடிக்கு ஆளாகி நொடிந்து 1974இல் மூடப்பட்டது. பெலோட்டஸில் ஆசிரியராக இருந்த ஷ்லே கைதுக்கும் விசாரணைக்கும் ஆளானார். அவர் வரைந்த சட்டையைக் காட்டி ஆட்சி ஓட்டியவர்கள், அவரையே தேசத்துக்கு ஆபத்தானவர் என்றார்கள். ஷ்லே படம் வரைவதை விட்டுக் கதைகள் எழுதத் தொடங்கினார். போர்த்துகீசியத்திலும் ஸ்பானிஷிலும் எழுதினார். அவர் கதைகளில் வந்தவர்கள் எல்லாம் ஆற்றின் இரு கரைக்கும் சொந்தக்காரர்களான எல்லை மக்கள். சட்டையின் சோதனைக் காலம் மட்டும் முடியவில்லை.

1994இலும் 2002இலும் மஞ்சள் மேலும் இரண்டு கோப்பைகளை வாங்கித் தந்தது. 2014இல் உலகக் கோப்பை மறுபடி பிரேசில் மண்ணுக்கு வந்தது. பெலோ ஒரிசோன்டேயில் அரை இறுதி; ஜெர்மனி 7, பிரேசில் 1. மரகானாவில் இரண்டு கோலுக்காக ஒரு சட்டையையே நாடு கடத்தியவர்கள், ஏழு கோல் வாங்கிய சட்டையை என்ன செய்தார்கள்? ஒன்றும் செய்யவில்லை. சட்டையை மாற்று என்று கோஷம் கிளம்பவில்லை. ஆனால் அடுத்த அடி மைதானத்துக்கு வெளியே விழுந்தது.

2015 முதல் அதிபர் தில்மா ருசெஃபுக்கு எதிரான ஊர்வலங்களில் ஆயிரக்கணக்கானோர் மஞ்சள் ஜெர்சியில் வந்தார்கள். பிறகு அது வலதுசாரித் தலைவர் பொல்சொனாரோ ஆதரவாளர்களின் சீருடை போலவே ஆனது. எதிர்த் தரப்பினர் ஆட்ட நாளில்கூட அதைப் போடக் கூசினார்கள். 2023 ஜனவரி 8 அன்று தலைநகர் பிரேசிலியாவில் நாடாளுமன்றத்துக்குள்ளும் உச்ச நீதிமன்றத்துக்குள்ளும் புகுந்து சூறையாடிய கூட்டத்தில் அந்தச் சட்டை ஏராளமாகத் தெரிந்தது. இடையில் 2019 ஜூன் 14 அன்று, 1919இல் பிரேசில் முதல் தென் அமெரிக்கப் பட்டம் வென்றதன் நூற்றாண்டுக்காக, சாவ் பாவ்லோவில் பொலிவியாவுக்கு எதிராக அணி பழைய வெள்ளையில் இறங்கியது. 3-0 என்று வென்றது. குற்றவாளி என்று விரட்டப்பட்ட வெள்ளை அப்படிச் சத்தமில்லாமல் விடுதலை ஆனது. அதைப் பார்க்க ஷ்லே உயிரோடு இல்லை.

கொடியின் நீல வானம் எந்த நாளைக் குறிக்கிறதோ அதே நவம்பர் 15இல், 2018ஆம் ஆண்டு, தன் 83ஆம் வயதில் பெலோட்டஸில் அவர் காலமானார். மறுநாள் லண்டனில் பிரேசிலுக்கு ஓர் ஆட்டம் இருந்தது. எதிரணி உருகுவே. அவர் வரைந்த சட்டைக்கும் அவர் மனசு நின்ற அணிக்கும் நடந்த அந்த ஆட்டத்தில், நெய்மார் பெனால்டியில் போட்ட ஒரே கோலில் சட்டை வென்றது.

ஒரு தோல்வியின் ஆத்திரத்தில் கேட்கப்பட்டு, பத்திரிகைப் போட்டியில் தேறி, முதல் உலகக் கோப்பை வெற்றியின்போது மூட்டைக்குள் கிடந்து, பக்கத்து நாட்டை நேசித்த ஒருவர் கையால் உருவான சட்டை அது. அதைப் போட்டுக்கொண்டவர்தான் உண்மையான பிரேசில்காரர் என்று உரிமை கொண்டாட எந்தக் கட்சிக்கும் நியாயம் கிடையாது.